பெரிய மனசு, சின்ன மனசு

காண்டனீஸ் மொழியில் ‘ஸம் தாய் ஸம் ஸை’ என்றொரு வழக்கு உண்டு: மனசு பெரிசு, மனசு சிறிசு. செய்துவிடலாம் என்று விரிந்து, வேண்டாமப்பா என்று அடுத்த கணமே சுருங்குகிற மனசு. இந்தப் பட்டத்துக்கு உரியவரைக் காண ஹாங்காங்கின் ‘சா சான் தெங்’ உணவகம் ஒன்றில் மதிய வேளையில் எட்டிப் பார்த்தால் போதும். வாசலில் கூட்டம் இடத்துக்குக் காத்து நிற்கும். சர்வர் பேனாவோடு நிற்பார். இவர் பால் டீயா, காபியா என்று மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்த ‘யூன்யோங்’ என்ற பானமே அங்கே உண்டு. அதைச் சொன்னாலும் விடிவில்லை. சூடாகவா, ஐஸ் போட்டா என்பார் சர்வர். ஐஸுக்குக் காசு கூடுதல். மறுபடி முதலிலிருந்து.

இது எச்சரிக்கைதான் என்று இவருக்கு வக்காலத்து வாங்குவோரிடம் வலுவான சாட்சி இருக்கிறது. 1997-இல் விலை உச்சத்தில் இருந்தபோது வீடு வாங்கியவர்கள், 2003-இல் சார்ஸ் நோய் பரவிய நேரத்தில் விலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்து, வீட்டின் மதிப்பைக் கடன் மிஞ்சிவிட, விழி பிதுங்கினார்கள். தயங்கியவர் தப்பினார். சரி, அது எச்சரிக்கை என்றால், விலை தரைதட்டிய 2003-இல் வாங்கியிருக்க வேண்டுமே? “இன்னும் இறங்கும்” என்றார். ஏறியதும், “ஏறிப்போச்சே” என்றார். 2010 முதல் அரசு விதித்த கூடுதல் முத்திரைக் கட்டணங்கள் நல்ல சாக்காயின. 2024 பிப்ரவரியில் அவற்றை ரத்து செய்ததும் தரகர் ஆசையோடு போன் போட்டார். “ஏன் ரத்து செய்தார்கள்? உள்ளே ஏதோ இருக்கு” என்றார் நம்மவர்.

எச்சரிக்கைக்காரருக்கு விடை கிடைத்தால் தெளிவு பிறக்கும். இவருக்கு விடை கிடைத்தால்தான் கலக்கமே. நஷ்டத்தைக்கூட இவர் தாங்குவார், “நீதானே சொன்னாய்” என்ற சொல்லைத் தாங்கமாட்டார். அதனால்தான் வோங் தாய் ஸின் கோயிலில் மண்டியிட்டு, 100 குச்சிகள் கொண்ட மூங்கில் குவளையைக் குலுக்கி, பொறுப்பைச் சாமி தலையில் கட்டப் பார்க்கிறார். விழுந்த குச்சிக்குப் பக்கத்துக் கடை ஜோசியர் பலன் சொல்வார். அடுத்த கடையிலும் ஜோசியர் இருப்பதுதான் தொல்லை.

இப்படிப்பட்டவரோடு சாப்பிடப் போகிறவர்களே, உங்களுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுங்கள். “எனக்கும் அதுவே” என்பார்.