மார்கழியில் மிதிக்கலாமா?

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் பட்டிமன்றம் கூடிவிடும். குளிர் முடியும்வரை மகன் வேலைக்குச் சைக்கிளில் போகலாமா, கூடாதா? இரண்டு அணியிலும் பேசுகிறவன் அவனே, நடுவரும் அவனே. கியர் சைக்கிள், விலை 35,000 ரூபாய். கையுறை தனி, விளக்கு தனி. ராத்திரி படுக்குமுன் செல்போனைத் தடவிப் பார்ப்பான்.

"அப்பா, வியாழக்கிழமை காலையில ஒன்பது டிகிரின்னு போட்டிருக்கு. போலாமா?"

"எந்த இடத்துல ஒன்பது?"

"கொடைக்கானல்லதான்."

ஊர் முழுக்க ஒரே ஒன்பது என்பது தப்பு. மேலே போகப் போகக் குளிர் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது மார்கழியில் இந்த ஊருக்குச் செல்லாது. வானம் தெளிந்த ராத்திரியில் கனத்த குளிர்காற்று சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் இருக்கும் எங்கள் தெருவில் வெறும் ஈரம். ஏரிக்கரைப் புல்லிலும் ஜிம்கானா மைதானத்திலும் உப்புக் கொட்டியது போல உறைபனி. எந்தச் செல்போனும் சொல்லி நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. காது சொன்னது.

1985ல், மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமான வருஷம், ஏரிப்பக்கம் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. குடியிருந்தது அப்சர்வேட்டரிக்குப் பக்கத்தில். அது 2,343 மீட்டர் உயரம். ஏரி வெகு கீழே. 1901லிருந்து சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, வெயிலுக்கு ஏங்கிக் கிடந்தோம். டவுன் பஸ்ஸுக்குத் தினம் இரண்டு டிக்கெட் எடுக்கிற சம்பளம் இல்லை, சைக்கிள்தான். போகலாமா, வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் முழுக்க இறக்கம். முந்தின நாள் செய்தித்தாளை மடித்து ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன், காற்று ஏறாது. கையுறை வாங்க வசதியில்லாததால் கைகளில் காலுறை. அதைப் போட்டுக்கொண்டு மணியடிக்க முடியாது, வாயால்தான் கத்த வேண்டும். இரும்பு ரிம்மில் பனி ஈரம் படிந்திருக்கும். பிடித்தவுடன் நிற்கிற பிரேக் அல்ல அது, சற்று யோசித்துவிட்டு நிற்கும். ஒரு தை மாதக் காலையில், வளைவில், அது யோசித்து முடிப்பதற்குள் நான் லாரிக்காக அடுக்கியிருந்த பூண்டு மூட்டைகளின் மேல் கிடந்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம்தான் வேடிக்கை. டைனமோ விளக்கு சக்கரம் சுற்றினால்தான் எரியும். ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ள ஆரம்பித்தால் மங்கி, சிவந்து, அணைந்துவிடும். மூடுபனி அடர்ந்து, பாதை எங்கே ஓடை எங்கே என்று தெரியாத இடம் பார்த்துத்தான் அணையும். நல்லவேளை, அப்போது காட்டெருமைகள் காட்டில் இருந்தன. இப்போது ஊருக்குள்ளேயே ரோட்டோரம் நின்று நம்மை ஏற இறங்கப் பார்க்கின்றன.

இதையெல்லாம் சாதனையாகச் சொல்லவில்லை. முதல் வாய்ப்பு கிடைத்ததும் ஓடிப்போய் டிவிஎஸ் 50 வாங்கினவன் நான். மார்கழிக் காலையில் அது ஸ்டார்ட் ஆகாது. பெடல் வைத்த வண்டி அல்லவா, மிதித்துக்கொண்டே இறங்குவேன். பாதி வழியில் இருமிவிட்டு உயிர் வரும். மிதிக்காமல் போவதற்காகக் கடன் வாங்கி, கடனையும் கட்டி, மிதித்தேன். பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் திண்ணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மகனுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் பயப்படுவது கார்களுக்கு. டிசம்பர் விடுமுறையில் ஏரிச்சாலையில் சைக்கிள் நுழைய இடுக்கு இருக்காது. உயர் நீதிமன்றம் சொல்லி, வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7லிருந்து இ-பாஸ் வந்தது. விடுமுறை நாளில் ஏரிப்பக்கம் வந்து பார்த்தால், பாஸ் வாங்காத வண்டி தமிழ்நாட்டில் பாக்கி இல்லை என்று தோன்றும். அந்த நெரிசலுக்கு நடுவே, 1863ல் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் சுற்றுலாக்காரர்கள் சைக்கிள் மிதிக்கிறார்கள். பல் கிட்டுகிறது, சிரிக்கிறார்கள். பஸ் காசை மிச்சம் பிடிக்க நான் மிதித்தது இதே குளிரில்தான்.

இந்த வருஷம் பட்டிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது: வாரநாளில் வேலைக்குக் கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள். ஏறும்போது மூச்சு வாங்கும் என்று அந்தச் சைக்கிளைக் கார் கூரையில் கட்டி ஏரிக்குக் கொண்டுபோகிறான், திரும்பவும் கட்டிக்கொண்டு வருகிறான். டைனமோ வேண்டாம், அவன் விளக்கு பாட்டரியில் எரிகிறது.

மார்கழியில் ஏரிக்கரைக்கு வந்து சைக்கிள் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஏறுவதற்கு முன் ரிம்மைத் துணியால் துடைத்துவிட்டு, பிரேக்கை இரண்டு தரம் பிடித்துப் பாருங்கள். மூட்டை எல்லா வளைவிலும் இருக்காது.