பழைய ஜரிகையும் பூட்டிய பெட்டியும்

வாசகி, சின்ன காஞ்சிபுரம்: பத்து வருஷமாகச் சரவாங்கி. ஹீமோகுளோபின் 9.4. மூன்று மாதமாக இரும்பு மாத்திரை விழுங்குகிறேன், எண் அசையவில்லை. மாத்திரை போலியா?

மாத்திரை அசலாகத்தான் இருக்கும். அது போய்ச் சேர்ந்த இடத்தில் கடையடைப்பு!

பழைய பட்டுப் புடவையை வாங்கி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பார்களே, உடம்பும் அந்த வியாபாரம்தான் செய்கிறது. சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள். நைந்துபோன அணுவை உடைத்து, அதிலுள்ள இரும்பை எடுத்துப் புது அணுவுக்குக் கொடுக்கிறது. புது அணு செய்ய தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து ஏறுவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம். மீதியெல்லாம் பழைய ஜரிகை உருக்கியதுதான்.

சரவாங்கியில் மூட்டு வீங்கினால் உடம்பு அதைக் கிருமி புகுந்த கணக்கில் எழுதிவிடுகிறது. கிருமிக்கும் இரும்பு தேவை. ஆகவே பெட்டியைப் பூட்டு! இன்டர்லூக்கின்-6 என்ற தூதன் போய்ச் சொல்ல, கல்லீரல் ஹெப்சிடின் என்ற பூட்டை அனுப்புகிறது. அப்புறம் குடலிலிருந்து இரும்பு சரியாக ஏறாது. உருக்கி வைத்ததும் வெளியே வராது. வீட்டில் வெள்ளி, தறியில் பஞ்சம். 2000-ஐ ஒட்டித்தான் இந்தப் பூட்டே விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது.

மூட்டு அடங்கினால் பூட்டு தளரும். அந்தத் தூதனையே மறிக்கிற டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு மூட்டு வலியோடு சோகையும் குறைந்திருக்கிறது. இரும்பு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், சரவாங்கிக்கு எடுக்கும் மருந்து போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வாசகர், ஓரிக்கை: மனைவிக்கும் இதே நோய். ஃபெரிட்டின் 50 இருக்கிறது, இரும்புக்குக் குறைவில்லை என்கிறார் லேப்காரர். நம்பலாமா?

லேப்காரரை நம்பலாம், அந்த 50-ஐ நம்ப முடியாது. ஃபெரிட்டின் கையிருப்பைக் காட்டும் எண். ஆனால் அழற்சி இருந்தால் கையிருப்பு இல்லாவிட்டாலும் அது ஏறி நிற்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புப் பற்றாக்குறை, அழற்சி இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழேயே சந்தேகப்படு என்று இரண்டு கோடு போட்டது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இரைப்பையில் சத்தமில்லாமல் ரத்தம் கசியலாம். பூட்டும் இருக்கும், திருட்டும் நடக்கும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையும் கறுப்பாக்கும் என்பது இதில் கடவுளின் குறும்பு. எதனால் கறுப்பு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வாசகி, செவிலிமேடு: பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறுமா?

நிறம் ஊறும். மறுநாள் காலை சிறுநீரில் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வாசகர், பிள்ளையார்பாளையம்: அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாமே! கூடவே ஃபோலிக் ஆசிட் வேறு. ஏன்?

கைத்தறி ஊர்க்காரரான நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா. லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில்தான் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்தார்கள். அதையே எதிர்க்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அங்கேதான் பிறந்தது. நோய்க்கு ஒன்று, அந்த மருந்தின் தொல்லைக்கு இன்னொன்று. உங்கள் அம்மா விழுங்கும் இரண்டும் ஒரே பட்டறைச் சரக்கு. 1948-ல் அவர் காலமானபோது, சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்ஸேட் இவ்வளவு பெரிய மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாது.

ஃபோலிக் ஆசிட்டின் முன்கதையும் ஜவுளிதான். 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா, ஜவுளித் தொழில் செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராயப் போய், ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறுகிறார்கள் என்று கண்டார். அதிலிருந்து பிடித்த நூல் இது.

சரவாங்கிக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள், சின்ன அளவில். தினம் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் சம்மதித்தால் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பெருமாள் கிழமை யாருக்கும் மறக்காது.

வாசகர், சின்ன காஞ்சிபுரம்: வரதர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டால் சரவாங்கி போகுமா?

பல்லி தோஷத்துக்கு மட்டும்தான் பொறுப்பேற்றிருக்கிறது. ஆனால் தங்கத்தை நிஜமாகவே மருந்தாக்கினார்கள். 1929-ல் ஃபோரஸ்டியே என்ற பிரெஞ்சு டாக்டர் சரவாங்கிக்குத் தங்க உப்பை ஊசியாகப் போட்டார். பல பத்தாண்டுகள் அந்த ஊசி ஓடியது. சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலருக்கு ரத்த அணுக்களே குறைந்தன. இப்போது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. இன்றைய பவுன் விலைக்கு நல்லதாய்ப் போயிற்று.

வாசகி, சின்ன காஞ்சிபுரம்: சுக்கு, மிளகு, சீரகம் போட்ட கோயில் இட்லி வாதத்துக்கு நல்லதுதானே?

பசிக்கு நல்லது.

நெசவாளர், சின்ன காஞ்சிபுரம்: மனைவிக்குச் சரவாங்கி, சோகை. ராட்டைக்கு முன்னால் உட்காரவே பத்து மணி ஆகிறது. சோம்பேறி என்கிறார் அம்மா. யார் பக்கம் பேசுவது?

என் பெரியம்மா தார் சுற்றியவர். விரல் கணு வீங்கி மோதிரம் கழலாமல், சோப்பு போட்டு உருவிப் பார்த்து, கடைசியில் அறுத்தெடுத்தோம். காலையில் இழை அறுந்தால் முடி போட முடியாது. வெந்நீரில் கையை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம். 'காலையிலேயே என்ன உட்காரல்' என்று நானும் கேட்டவன்தான்.

பத்து மணிக்கே உட்காரட்டும். அதுவரை தாரை நீங்கள் சுற்றுங்கள். அம்மாவுக்கும் ஒரு ராட்டை போட்டுக் கொடுங்கள்.