சாந்தோம் வரைக்கும் வந்தது

சிங்கப்பூரில் புறப்பட்டு, கடலுக்கு அடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் படுத்தபடியே வந்து, சாந்தோமில் கரையேறுகிறது 'ஐ-டூ-ஐ' என்ற கேபிள். 2002-இல் போட்டது. அங்கிருந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கச்சேரி ரோடு வழியாகப் பொடிநடைதான். ஆனால் கடல் தாண்டி வந்த இணையத்துக்கு எங்கள் சமையலறை வாசற்படியைத் தாண்டத் தைரியம் இல்லை. எனக்கே இல்லாதபோது அதைக் குறை சொல்வானேன்?

"ஏங்க, நெட் இல்லைன்னு சொல்லுது!"

"வைஃபை ஃபுல்லா இருக்கே!" என்றேன், அந்தக் கோடுகளை நானே போட்ட மாதிரி.

"கோட்டை வச்சு கரண்ட் பில் கட்ட முடியுமா? இன்னிக்குக் கடைசி நாள்."

அடையாறில் ஆப் எழுதும் அக்கா பையனைக் கேட்டேன். "மாமா, கோடு ரவுட்டர் வரைக்கும்தான் கணக்கு. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

அதனால் ஆண்ட்ராய்டு போன் கோட்டை நம்பாமல், கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்குமாம். 204 என்ற எண் திரும்பி வரவேண்டும்; கூடவே உள்ளடக்கமாக ஓர் எழுத்துகூட வரக்கூடாது. வந்தால் நடுவில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்: ஹோட்டல் வைஃபையில் போன் நம்பர் கேட்டு ஒரு பக்கம் எட்டிப்பார்க்குமே, அதுபோல. பதிலே வராவிட்டால் வைஃபை குறியில் ஓர் ஆச்சரியக்குறி. ஐபோன் 'சக்ஸஸ்' என்ற சொல்லை எதிர்பார்க்குமாம். வசதியான வீட்டுப் பிள்ளை, பாராட்டினால்தான் நம்பும்.

204 எனக்கு உடனே விளங்கிவிட்டது. காபி வேண்டும் என்று உள்ளே குரல் கொடுக்கிறேன். 'ம்' மட்டும் வந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது. முழு வாக்கியமாகப் பதில் வந்தால்தான் ஆபத்து.

"அப்போ நெட் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஆப் வேலையை ஆரம்பிக்கணுமா?"

"பார்த்த அடுத்த நொடியே போயிடலாமே மாமா! பேசாம அனுப்பிடணும். போகலைன்னா, எழுதினதைப் பத்திரமா வச்சுக்கிட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி அனுப்பணும். ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டணும். நச்சரிக்கக் கூடாது."

இவ்வளவு ஞானத்தோடு சமையலறைக்குப் போனால், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பில்லைக் கட்டி முடித்திருந்தாள்.

"விஷயம் என்னன்னா, இந்த 204 இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

முழு வாக்கியமாகப் பதில் வந்தது.