படைக்குச் சோறு யார் போடுவது?

பொன்னியின் செல்வனைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நந்தினி வருவாள், குந்தவை வருவாள், ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் என்று விடிய விடிய வழக்கு நடக்கும். அரிசி வராது. ஐந்து பாகத்துக்கும் அடியில் ஓடுகிற தகராறே அரிசிதான் என்பது என் கட்சி. ஈழத்தில் சண்டை போடும் சோழப் படைக்கு யார் வீட்டு நெல்லைக் குத்திச் சோறு போடுவது?

கதை ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. வீராணம் ஏரிக்கரை முழுக்கச் சனம் சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நம் கதாநாயகர் வல்லவரையன் வந்தியத்தேவன் குதிரை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். வாணர் குலத்து இளவரசர்தான்; ஆனால் ஆள ஒரு குழி நிலம் கிடையாது. நம் பக்கத்தில் நிலமில்லாத இளவரசரைப் பண்ணைக் கணக்குப்பிள்ளைகூட எழுந்து நின்று வரவேற்கமாட்டார். காஞ்சியிலிருந்து மூத்த இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலை இரண்டு இடுப்பில் இருக்கிறது. ஒன்று தஞ்சாவூரில் படுக்கையில் கிடக்கும் கரிகாலனின் அப்பா ராஜாவுக்கு, ஒன்று பழையாறையில் இருக்கும் தங்கை குந்தவைக்கு. மற்றபடி வயிறு காலி.

அன்றிரவு கடம்பூர் மாளிகையில் சம்புவரையர் வீட்டு ரகசியக் கூட்டம். அடுத்த ராஜா யார் என்பது பேச்சு. நடுவில் பெரிய பழுவேட்டரையர் ஒரு புலம்பல் புலம்புகிறார். ஜெயித்த நாட்டில்தானே படை சாப்பிட வேண்டும், அதுதானே உலக வழக்கம்? ஈழத்தில் படை நடத்தும் இளைய இளவரசர் அருள்மொழிவர்மரோ ஈழத்துக் குடிகளின் தானியத்தைத் தொடக்கூடாது என்கிறார், இங்கிருந்து கப்பலில் அரிசி அனுப்பச் சொல்கிறார்! நாவல் வாசகர்கள் இந்த இடத்தில் கிழவரை வில்லன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அவர் மேல் பரிதாபம்தான். அவர் தனாதிகாரி, களஞ்சியச் சாவி அவர் இடுப்பில். மாதம் ஆடி. தையில் அறுத்த சம்பா பத்தாயத்தில் அடி தட்டும் நேரம், புது நடவு இப்போதுதான் வேர் பிடிக்கிறது. இந்தச் சமயம் பார்த்துக் கடலுக்கு அப்பாலிருந்து ‘அரிசி அனுப்பு’ என்று ஓலை வந்தால் எந்த மிராசுதாருக்குத்தான் கோபம் வராது? இளவரசரின் தர்மம் உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. தர்மத்துக்கு வண்டிச்சத்தம் கொடுப்பவர் வேறொருவர் என்பதுதான் சிக்கல்.

நாவலை எழுதிய கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். எழுதத் தொடங்கியது 1950-இல். அப்போது சென்னை ராஜ்யத்தில் அரிசிக்கு ரேஷன். டெல்டா விவசாயியிடம் சர்க்கார் நெல்லைக் கொள்முதல் செய்துகொண்டு போகும் காலம். கட்டுப்பாட்டை எடுத்தவர் 1952-இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி, கல்கியின் குருநாதர். வாரா வாரம் ரேஷன் கடைக் க்யூவில் நின்றவர்கள், பழுவேட்டரையரின் அரிசிப் புலம்பலைப் பத்தாம் நூற்றாண்டுச் சமாசாரம் என்று நினைத்திருப்பார்களா என்ன?

அரிசி கொஞ்சம் போகட்டும், சிநேகத்துக்கு வருவோம். வந்தியத்தேவனுக்குக் கந்தமாறன் என்றொரு சிநேகிதன், சம்புவரையர் மகன். எல்லைக் காவலில் ஒன்றாக இருந்தவர்கள். தங்கையைக் கட்டித் தருகிறேன் என்று வாக்கெல்லாம் கொடுத்தவன். தஞ்சாவூர்ச் சுரங்கப் பாதையில் அவன் முதுகில் யாரோ கத்தியைச் செருக, வந்தியத்தேவன் அவனைத் தோளில் தூக்கிச் சுமந்து காப்பாற்றுகிறார். கண் விழித்த கந்தமாறன் ஊரெல்லாம் சொன்னது: குத்தியதே இவன்தான். பிறகு பாகம் பாகமாக அதையே நம்பினான். அவன் மூளைக்கும் கத்திக்குத்து பட்டிருக்க வேண்டும்.

அருள்மொழிவர்மரோடு ஏற்பட்ட சிநேகம் இன்னும் விசேஷம். கோடிக்கரையிலிருந்து படகுக்காரப் பெண் பூங்குழலியின் படகில் கடல் தாண்டி, காடெல்லாம் நடந்து குந்தவையின் ஓலையைக் கொண்டுபோன தூதுவனுக்கு இளவரசர் கொடுத்த முதல் மரியாதை துவந்த யுத்தம். கட்டிப் புரண்டு அடித்துக்கொண்ட பிறகுதான் கட்டித் தழுவல். பிறகு எரியும் கப்பலில் மாட்டிக்கொண்ட இந்த நண்பனுக்காக இளவரசர் கடலில் குதிக்கிறார், குளிர்ஜுரம் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் படுக்கிறார். இங்கேதான் வேடிக்கை. அந்த விகாரத்தை ஸ்ரீவிஜய அரசர் கட்டியதே இதே இளவரசர் ராஜராஜனாகி, ஆட்சிக்கு வந்து இருபது வருஷம் கழித்து, 1006 வாக்கில். தான் அனுமதி கொடுக்கப்போகும் கட்டடத்தில் முன்கூட்டியே சிகிச்சை! கல்கி சும்மா விடுவாரா? கடலைப் பொங்கவைத்துப் பழைய விகாரத்தை மூழ்கடித்து, ‘பெரிதாகக் கட்டித் தருவேன்’ என்று இளவரசர் வாயாலேயே சொல்லவைத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்.

சிநேகிதர்களில் என் ஓட்டு சேந்தன் அமுதனுக்கு. பூ கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் பையன். முன்பின் தெரியாத வந்தியத்தேவனை வீட்டுக்கு அழைத்துப் போனான். பேச முடியாத அவன் அம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் போட்டாள். அந்தப் பிள்ளைதான் பட்டத்துக்கு உரிய நிஜமான மதுராந்தகன் என்று கடைசியில் தெரிகிறது. அருள்மொழிவர்மர் தனக்கு வந்த கிரீடத்தை எடுத்து அவன் தலையில் வைக்கிறார். அரண்மனைக்காரர்கள் அத்தனை பேரும் படைக்குச் சோறு போடத் தகராறு செய்த கதையில், கேட்காமல் சோறு போட்ட வீட்டுக்கு ராஜ்யம் போயிற்று. உத்தம சோழன் என்று பெயர். படகுக்காரப் பூங்குழலி பட்டத்து ராணி.

இது நாவல். கல்வெட்டு வேறு சொல்கிறது. 985-இல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தார், ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தார், 1010-இல் பெரிய கோயிலை முடித்தார். கோயில் சுவரில் வெட்டிவைத்த வரவுக் கணக்கில் ஈழ மண்டலத்து ஊர்களும் இருக்கின்றன. அங்கிருந்து நெல், காசு, விளக்குக்கு இலுப்பை எண்ணெய். அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால். அந்தக் கோயிலில் ஆட வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு வருஷம் நூறு கலம் நெல் பங்கு. நெல் எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே. ஈழத்து அரிசியைத் தொடமாட்டேன் என்று நாவலில் வீராப்புப் பேசிய கை, ராஜாவான பிறகு கடல் தாண்டிய நெல்லுக்கே ரசீது எழுதியிருக்கிறது. பெரிய பழுவேட்டரையர் இருந்து பார்த்திருந்தால் மீசையை ஒரு முறுக்கு முறுக்கியிருப்பார். பாவம், கல்கி அவரைக் கதை முடிவதற்குள்ளேயே அனுப்பிவிட்டார்.

வந்தியத்தேவனும் அதே கோயிலில் இருக்கிறார். குந்தவை கொடுத்த நகைகளையும் திருமேனிகளையும் பட்டியல் போடும்போது, அம்மணி இன்னாருடைய மனைவி என்று சொல்ல அவர் பெயர் வருகிறது. குதிரை, கடல், காடு, கத்திக்குத்துப் பழி, பாதாளச் சிறை என்று ஒன்றும் இல்லை. இன்னார் புருஷன், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெரிய வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளைகள் யாரும் இதற்காக வருத்தப்பட்டதாகக் கேள்வியில்லை.