லீவு வேகன்ஸி முதல் மந்திரி

போலந்தில் வின்சென்டி விட்டோஸ் என்றொரு விவசாயி, 1926 மே மாதம் மூன்றாம் தடவையாகப் பிரதமர் ஆனார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; மார்ஷல் பில்சுட்ஸ்கி படையோடு வந்து இறக்கிவிட்டார். அதற்கு முன்னால், 1919-இல், உலகப் புகழ்பெற்ற பியானோ வித்வான் பதெரெவ்ஸ்கி பிரதமர். அவரும் ஒரு வருஷம் முடிக்கவில்லை.

சிரிக்காதீர்கள். கொடைக்கானலிலிருந்து தெற்கே இறங்கி, பெரியகுளம் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போனால் உத்தமபாளையம். அந்த ஊரும் பத்து வருஷம் கழித்துச் சென்னை மாகாணத்துக்கு ஒரு முதல் மந்திரியைக் கொடுத்தது. பொன்னம்பல தியாகராஜன், சுருக்கமாகப் பி.டி. ராஜன். 1892-இல் பிறந்தவர். நிலபுலம் உள்ள வீடு, ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, பாரிஸ்டர் பட்டம்.

1920 தேர்தலைக் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. எதிராளி வராத கோதாவில் நீதிக்கட்சி தொடை தட்டி ஜெயித்தது. அந்தக் கட்சிக்காரராக ராஜன் சட்டசபைக்குள் போனார். 1930-இல் மந்திரியும் ஆனார். அது இரட்டை ஆட்சிக் காலம்: போலீஸும் கஜானாவும் கவர்னர் பக்கம், கல்வி, சுகாதாரம், விவசாயம் நம்மவர் பக்கம். சாவி அங்கே, திட்டு இங்கே. வெள்ளைக்காரன் மூளையே மூளை!

1936-இல் முதல் மந்திரி பொப்பிலி ராஜா வெளிநாடு கிளம்பினார். வாத்தியார் லீவு போட்டால் வகுப்பைப் பக்கத்து வாத்தியார் பார்த்துக்கொள்வதுபோல, ராஜ்யம் ராஜன் கைக்கு வந்தது. ஏப்ரல் 4-இல் ஏறினார். ஆகஸ்ட் 24-இல் இறங்கினார். நாலு மாதம் இருபது நாள். விட்டோஸை இறக்கப் படை வேண்டியிருந்தது. இங்கே ராஜா ஊர் திரும்பியதே போதும்.

திரும்பிய ராஜாவுக்கும் நாற்காலி நிலைக்கவில்லை. 1937 தேர்தலில் காங்கிரஸ் 215-க்கு 159 இடம் அள்ளியது. பொப்பிலியிலேயே ராஜாவை வி.வி. கிரி மண்ணைக் கவ்வ வைத்தார். ராஜனும் தோற்றார்.

1944 சேலம் மாநாட்டில் பெரியார் நீதிக்கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றினார். ராஜன் கூட்டம் அசையவில்லை; நாங்கள்தான் அசல் நீதிக்கட்சி என்றது. பெரியார் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்க, ராஜன் என்ன செய்தார் தெரியுமா? 1950-இல் சபரிமலைக் கோயில் தீப்பிடித்த பிறகு, புதிய ஐயப்பன் விக்கிரகம் செய்து அனுப்பும் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். மகனுக்கு ஏற்கெனவே பழனிவேல் என்று பெயர் வைத்திருந்தவர்தானே!

1952-இல் கம்பம் தொகுதியில் நின்று ஜெயித்தார். சட்டசபையில் நீதிக்கட்சி என்றால் அவர் ஒருவர்தான்: தலைவர், கொறடா, தொண்டர் எல்லாம் தானே. கோஷ்டிச் சண்டைக்கு வழியே இல்லாத கட்சி தமிழ்நாட்டில் அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

1974-இல் காலமானார். அவர் சேராமல் விட்ட கழகத்திலிருந்து பிரிந்த தி.மு.க.வில்தான் மகன் பழனிவேல்ராஜன் 1996-இல் சபாநாயகர் ஆனார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021-இல் நிதியமைச்சர் ஆனார். தாத்தாவுக்குக் கிடைக்காத கஜானா சாவி, பேரன் கையில் இரண்டு வருஷம் இருந்தது.