ஒப்புக்குச் சப்பாணி

வாப்பா தம்பி, குந்து. மொகம் ஏன் வாடிக் கெடக்கு? பார்க்குல புள்ளையோட எறங்கி ஆடறதா, ஓரமா பெஞ்சில குந்தறதான்னு ரெண்டு நாளா ரோசனையா? நல்லா இருக்குப்பா ஒன் கவலை. எங்கப்பனுக்கு வலை கிழிஞ்சா கவலை, காத்து தெசை மாறினா கவலை. ஒனக்கு சறுக்குமரம்!

போன மாசம் பேத்தியக் கூட்டிகினு தவளக்குப்பத்துல பஸ்ஸு ஏறி, புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் போயிருந்தன். ஆயி மண்டபத்தைச் சுத்திட்டுப் புள்ளைங்க ஆடற பக்கம் வந்தா, கூத்துதான் போ. ஒரு அப்பன் சறுக்குமரத்துல சறுக்கி வரான். வரானா? பாதியில இடுப்பு மாட்டிகிச்சி. மேல ஏழெட்டுப் புள்ளைங்க வரிசையில நிக்குது. கீழ பொண்டாட்டி போன்ல படம் புடிச்சிகினு "சிரிங்க, சிரிங்க"ங்கறா. மாட்டிகினவன் எப்பிடிம்மா சிரிப்பான்? அவன் பெத்த புள்ள எங்கன்னு கேக்கறியா? அது அந்தாண்ட மண்ணுல, எறும்புக்குக் குச்சியால பாலம் கட்டிகினு இருக்குது.

இன்னொரு அம்மா ஊஞ்சாகிட்ட நின்னுகினு, "கண்ணா மெதுவா, கண்ணா கைய வுடாத, கண்ணா அந்தத் தம்பிக்குக் குடு." ஏம்மா, அது ஊஞ்சாலா, ராஜா தியேட்டர் சிக்னலா?

நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப, எங்க ஊரு நல்லவாட்டுல கரையேத்தின கட்டுமரத்து நெழல்தான் எங்களுக்குப் பார்க்கு. கிட்டிப்புள்ளு, கோலி, சடுகுடு, பச்சக்குதிர. சண்ட வந்தா கொஞ்ச நேரம் காய், அப்பறம் பழம். அழுகுணி ஆட்டம் ஆடினவன அடுத்த ஆட்டத்துல சேக்க மாட்டோம். பஞ்சாயத்துக்கு எந்த அப்பனும் வரல. வந்திருந்தா கிட்டிக்கோலு எங்க முதுவுலதான் ஆடியிருக்கும்.

கூத்து வாத்தியாரு ஒருத்தரு பிள்ளைத்தமிழு சொல்லுவாரு. அதுல அம்புலிப் பருவம்னு ஒண்ணு. தாய்க்காரி நிலாவக் கூப்புட்டு, எம்புள்ளையோட ஆட வான்னுவா. பாத்தியா கெட்டிக்காரிய? தான் போவல, நிலாவத் தள்ளிவுடறா! சிற்றில் பருவத்துல பொட்டப் புள்ளைங்க மணல்ல கட்டின வூட்ட, பாட்டுல வர்ற பய ஒதைக்க வரான். ஒதைக்காதடான்னு அதுங்களேதான் கெஞ்சுதுங்க. எவ ஆத்தாளாவது வந்து "ஸாரி சொல்லு"ன்னாளா?

1989-ல ஐ.நா. சபை, விளையாடறது புள்ளையோட உரிமைன்னு எழுதி வெச்சிதாம். இந்தியாவும் 1992-ல ஏத்துகிச்சாம். பேரன் படிச்சிக் காட்டினான். புள்ள உரிமைன்னுதான் இருக்கு தம்பி. அப்பன் உரிமைன்னு இல்ல.

அடிபட்டா யாரு பாக்கறதுங்கற. ஒரு சேதி சொல்றன். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்க ஊர்ல அறிவு மையம்னு ஒண்ணு வெச்சிருந்திச்சி. அங்க ஒரு ஒலிபெருக்கி. அலை எவ்ளோ ஒசரம், கவர்மெண்டு சேதி இன்னா, அத்த சொல்லிட்டு வாய மூடிக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம, சுனாமி வந்த நாளு. சிங்கப்பூர்ல வேல செய்யற ஊர்ப் பையன் போன் போட்டு, கடலு வருதுன்னான். மையத்தத் தொறந்து ஒலிபெருக்கியில கத்துனாங்க. ஊரே எழுந்து ஓடிச்சி. வூடு போச்சி, படகு போச்சி, உசுரு தப்பிச்சிது. அந்த ஒலிபெருக்கி தெனம் "கண்ணா மெதுவா, கண்ணா மெதுவா"ன்னு ஓயாம கத்தியிருந்தா, அன்னிக்கு எவன் காது குடுத்திருப்பான்?

அப்ப ஆடவே கூடாதாங்கற. ஆடேன், யாரு வாணாம்னா? புள்ள கூப்புட்டா ஆடு. ஆட்டத்துல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒரு பதவி உண்டு. குட்டிப் பய அழுவறானேன்னு சேத்துக்கறது. அவன் அவுட்டும் கெடையாது, கணக்கும் கெடையாது. அந்தப் பதவிய நீ வாங்கிக்க. ஆபீசுல பத்துப் பேரு ஒனக்கு சலாம் போடலாம், இங்க நீ சப்பாணி. சட்டம் பாதி ஆட்டத்துல மாறும், வாயத் தொறக்காத. அஞ்சு வயசு நாட்டாமை "நீ போ"ன்னா எழுந்து வந்துடணும்.

எங்கப்பன் ஒரு பௌர்ணமி ராத்திரி, கோமணத்தோட சடுகுடுக்கு வந்தாரு. ஒரே ஒரு வாட்டி. நாங்க ஆறு பொடிப்பசங்க கால வாரி அமுக்கிட்டோம். மண்ணத் தட்டிகினு, ஒண்ணும் பேசாம ஓரமாப் போயி குந்திகினாரு. அறுவது வருசத்துக்கு மேல ஆச்சி, அந்த மணலு இன்னும் என் கையில ஒட்டிகினு இருக்குது.

அதோ, ஒன் பையன் கூப்புடறான் பாரு. செருப்பக் கழட்டு. அந்தப் போன எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.