வில்லங்கத்தில் வராத மாமா

30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தம். மாடியில் 17 வருஷமாகக் குடியிருக்கும் மாமா மட்டும் அதில் வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது கதவைத் திறந்தவரே அவர்தான். "கிரயத்துக்கு முன்னாடி காலி பண்ணிடுவாங்க சார்" என்று புரோக்கர் என் காதில் ஓதிக்கொண்டிருக்க, மாமி காபியை நீட்டியபடி, "மோட்டார் சுவிட்சை ரெண்டு தடவை தட்டணும், அப்பதான் எடுக்கும். மழை வந்தா பின்ரூம்ல பக்கெட் வைக்கணும்" என்றார். விற்பவர் முகத்தில் ஈயாடவில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109-ஆவது பிரிவு. ஆள் இருக்கும் வீட்டை வாங்கினால் பழைய ஓனரின் நாற்காலியில் நாம் போய் உட்காருகிறோம், அவ்வளவுதான். பத்திரம் பதிந்த கையோடு குடித்தனக்காரர் ஆவியாகிவிட மாட்டார்.

அட்வான்ஸ்? சென்னை வழக்கப்படி 10 மாத வாடகை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் போதும் என்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று கொல்லைக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பணத்தை என்றைக்கோ தளம் போடச் செலவழித்துவிட்டாராம் விற்பவர். (எந்தத் தளம்? பக்கெட் வைக்கிற தளமா?) "நீங்களே கொடுத்துடுங்க சார்" என்றார். விலையில் கழிக்கச் சொன்னேன். உடனே அவருக்கு ஒரு அவசர போன் வந்துவிட்டது.

மாமா வாசல்வரை வந்து வழியனுப்பினார். "கிரயம் ஆனதும் நம்பர் கொடுத்துட்டுப் போங்கோ. ஒழுகலை இனிமே உங்ககிட்டத்தானே சொல்லணும்?"